பால் இல்லாத சமையலறை: காரணமும் கைப்பக்குவமும்

சைவ வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்குக் கறி, மீனை விடுவது ஒரு பொருட்டே இல்லை. விடுவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை. நனிசைவம், அதாவது பாலும் நெய்யும்கூட இல்லாத ‘வீகன்’ உணவு என்று வரும்போதுதான் காலை ஆறு மணிக்கே இடறுகிறது. டிகாக்‌ஷன் இறங்கித் தயாராக நிற்கும், ஊற்றப் பால் இருக்காது. மதியம் ரசம் சாதம் முடிந்ததும் கை தானாகத் தயிர்ப் பாத்திரத்தைத் தேடும். மார்கழியில் வெண்பொங்கல் கிண்டினால் நெய் மணம் வராது. அசைவம் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பிரியாணியை விட்டுவிட்டவர்கள்கூடத் தயிர்சாதத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். காபி, தயிர், நெய் மூன்றையும் தாண்டிவிட்டால் தமிழ்ச் சமையலில் மீதி எல்லாம் சுலபம்.

‘வீகன்’ என்ற சொல் 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு இருந்தவர்களும் உண்டாக்கியது. பால், முட்டை, தேன் உள்பட விலங்கிடமிருந்து வரும் எதையும் இயன்றவரை உண்பதில்லை, உடுத்துவதும் இல்லை என்பது அதன் பொருள். நம் ஊரில் ‘சைவம்’ என்றால் பால் அதற்குள் அடக்கம். அதனால் “நான் சைவம்” என்று சொல்லி யாருக்கும் இதைப் புரியவைக்க முடியாது. “பால், தயிர், நெய் எதுவும் சேர்ப்பதில்லை” என்று பொருளின் பெயரைச் சொன்னால் உடனே புரியும்.

எதற்காக விடுகிறோம்?

இந்தக் கேள்விக்கு முதலிலேயே விடை வைத்துக்கொள்ளாதவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே திரும்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு காரணமும் ஒவ்வோர் இடத்தில் கோடு போடும். காரணம் தெரியாவிட்டால் கோடு எங்கே என்றும் தெரியாது. சித்தி வீட்டு மைசூர்பாகைத் தொடலாமா கூடாதா என்று தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு யோசிக்க வேண்டியிருக்கும்.

வயிற்றுக்காக விடுகிறவர்கள் பலர். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். காலைக் காபி குடித்த அரை மணி நேரத்தில் வயிறு உப்புவதும் இரைவதும் அதனால்தான். இவர்கள் பாலைக் குறைத்தாலே போதும். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டிருக்கும், நெய்யில் ஏறத்தாழ இருக்கவே இருக்காது. இந்தக் காரணத்துக்காக மட்டும் வந்தவர் நெய்யை ஒதுக்கித் தன்னை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

மண்ணுக்காக வருகிறவர்களும் உண்டு. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. அசைபோடும் மாடு விடும் மீத்தேன் அதில் கணிசமான பங்கு. நீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் விடுகிறது என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காரணத்துக்காக வந்தவர்கள் பாலை விடுவதோடு, வாரத்தில் சில நாள் அரிசிக்குப் பதிலாகக் கம்பு, சோளம், வரகு என்று மாறினால் அவர்கள் கணக்கு சரியாக இருக்கும்.

எந்தச் சலுகையும் தராத காரணம் கன்று. நெடுநாள் நிலைக்கிறவர்களில் பலர் இதற்காக வந்தவர்கள்தான். பசு சும்மா பால் சுரப்பதில்லை. சினை ஊசி போட்டு, ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் சுமந்து, ஈன்ற பிறகு சுமார் பத்து மாதம் கறக்கும். கறவையில் இருக்கும்போதே அடுத்த ஊசி. ஈன்றது கிடேரிக் கன்றாக இருந்தால் வளர்ப்பார்கள். காளங்கன்றாக இருந்தால்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது. கலப்பினக் காளைக்கு வேலை ஏதும் இல்லை. 2019-இல் வெளியான 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாடுகள் 19 கோடிக்கு மேல். அவற்றில் பசுக்கள் மட்டும் 14.5 கோடி. பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. கணக்கெடுப்பில் ஆண் ஐந்து கோடியைக்கூட எட்டவில்லை. முந்தைய கணக்கெடுப்போடு பார்த்தால் பசுக்கள் 18 விழுக்காடு கூடியிருக்கின்றன, ஆண் மாடுகள் 30 விழுக்காடு குறைந்திருக்கின்றன. அந்த ஆண் கன்றுகள் எங்கே போயின என்று மாட்டுச் சந்தையில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. எருமையின் கதையும் இதுதான். எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று, அந்த இறைச்சி பால்பண்ணையின் மறுபக்கம். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் ‘தோற்கன்று’ வழக்கமும் நம் ஊரில் இருந்ததுதான். தாய் அந்த வைக்கோல் பொதியை நக்கிக்கொண்டே பால் விடும்.

இதைச் சொல்லும்போது மாடு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது தவறு. இரண்டு மாடு கறந்து பால் சொசைட்டியில் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்களின் உழைப்பு அதில் இருக்கிறது. நாம் எடுப்பது நம் தட்டைப் பற்றிய முடிவு. அடுத்தவர் தட்டைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும் வீட்டில் ஆதரவு போய்விடும், சமையலறையில் கை கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

காபிக்கு எந்தப் பால்?

கன்றுக்காக முடிவெடுத்த மனமும் மறுநாள் காலை காபியில் தள்ளாடும். முதல்நாளே சோயாப் பாலைக் கொதிக்கக் கொதிக்க டிகாக்‌ஷனில் ஊற்றுவார்கள், திரிதிரியாகப் பிரிந்துவிடும். “இது நமக்கு ஆகாது” என்று அன்றே முடிவு கட்டிவிடுவார்கள். சோயாப் புரதம் புளிப்பிலும் சூட்டிலும் திரியும் தன்மை கொண்டது. டிகாக்‌ஷன் இலேசான புளிப்பு உடையது, கொதிக்கும் சூடும் சேர்ந்தால் திரியாமல் என்ன செய்யும்? பாலைக் கொதிக்கவிடாமல், ஆவி பறக்கும் சூட்டிலேயே இறக்குங்கள். டம்ளரில் முதலில் பால், அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக டிகாக்‌ஷன். இரண்டு நாள் பழைய டிகாக்‌ஷனில் புளிப்பு ஏறியிருக்கும், அதை இதற்கு எடுக்கவே கூடாது.

ஃபில்டர் காபிக்கு முந்திரிப் பாலை விஞ்ச இதுவரை ஒன்றும் இல்லை. 50 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். முதலில் 150 மில்லி நீர் மட்டும் விட்டு வெண்ணெய்போல அரைத்துக்கொண்டு, பிறகு 350 மில்லி நீர் சேர்த்து ஒரு சுற்று விட்டால் அரை லிட்டர் பால் ஆகிவிடும். நீர் முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றினால் முந்திரி அரைபடாமல் சுற்றிச் சுற்றி ஓடும், குடிக்கும்போது நாக்கில் மாவாகத் தட்டும். நன்றாக அரைந்திருந்தால் வடிகட்ட வேண்டாம். முந்திரியில் மாவுச்சத்து உண்டு, சூடேறும்போது பால் தானாகக் கெட்டியாகும். காபிக்கு வேண்டிய கனம் அதில் கிடைத்துவிடும். கொதிவர விட்டால் கூழாகிவிடும், அதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். தண்ணீர் மேலே நின்றால் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை, குலுக்கிக்கொள்ளலாம்.

ஓட்ஸ் பாலை வீட்டில் செய்து காபிக்கு எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கடையில் கிடைப்பதில் மாவுச்சத்தை நொதி கொண்டு உடைத்திருப்பார்கள், அதனால் சூடாக்கினாலும் ஓடும். வீட்டில் அரைத்தது அடுப்பில் ஏறியதும் கஞ்சியாகி இழுக்கும். அதைக் குளிரவைத்துப் பழத்தோடு அடித்துக் குடிக்கலாம், காபிக்கு ஆகாது. தேங்காய்ப் பால் காபியில் எண்ணெய் மிதக்கும். அது சுக்கு மல்லிக் காபிக்கும் கருப்பட்டிக் காபிக்கும்தான் பொருத்தம். அந்த இரண்டும் வரக்காபியாகவே குடித்துப் பழகிய பானங்கள், அவற்றில் பால் இல்லையே என்று யாரும் கேட்பதில்லை.

சோயாப் பாலை வீட்டிலேயே எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை உண்டு. 100 கிராம் சோயாவை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, கொதிக்கும் நீர் விட்டு அரைத்தால் பச்சை வாடை பாதி அடங்கிவிடும். வடித்த பாலைக் காய்ச்சும்போது கொதிப்பதற்கு வெகு முன்பே நுரை குபுகுபுவென்று எழும்பும். கொதித்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடக் கூடாது. நுரையைக் கிளறி அடக்கி, உண்மையான கொதி வந்த பிறகு பதினைந்து நிமிடம் சிறுதீயில் வைக்க வேண்டும். வேகாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வயிற்றைக் கலக்கிவிடும். பாத்திரம் பாலைப்போல மூன்று மடங்கு கொள்வதாக இருக்கட்டும்.

தயிர்: மூன்றாம் முறைதான் தயிர்

தாவரத் தயிரில் நம் ஊருக்கு ஏற்றது நிலக்கடலைத் தயிர். விலை குறைவு, புரதம் உண்டு, தயிர்சாதத்துக்கு இலாயக்கு.

பச்சை நிலக்கடலை 150 கிராம். முதலில் தட்டில் கொட்டிப் பார்த்து, சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கடலையில் பிடிக்கும் பூசணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும், வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. நல்ல கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கையால் தேய்த்துத் தோல் நீக்கி, 200 மில்லி நீர் விட்டு மையாக அரைத்து, இன்னும் 400 மில்லி சேர்த்து மெல்லிய துணியில் பிழிய வேண்டும். பிழிந்த சக்கையை வீசவேண்டாம், அடை மாவிலோ பொரியலிலோ சேர்த்துவிடலாம்.

பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றிக் கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள். ஒரு நிமிடம் திரும்பினால் அடிபிடித்துத் தீய்ந்த வாடை முழுப் பாலிலும் ஏறிவிடும். கொதி வந்ததும் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, சிறுதீயில் பத்து நிமிடம். இறக்கியதும் அரைத் தேக்கரண்டி சர்க்கரை. மாட்டுப்பாலில் உறைநுண்ணுயிர்களுக்குத் தீனியாக லாக்டோஸ் இருக்கிறது, கடலைப் பாலில் அது கிடையாது. இந்தச் சர்க்கரைதான் அவற்றுக்குத் தீனி. இதைச் சொல்லாமல் விடும் செய்முறைகள் நிறைய, அவற்றில் தயிர் உறையாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

உறை எங்கே கிடைக்கும்? பச்சைமிளகாய்க் காம்பில். புதிய மிளகாயைக் கழுவித் துடைத்து, தலைக்குல்லாயோடு காம்பைக் கிள்ளி எடுத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு முதல் பதினைந்து வரை. பால் விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காம்புகளை அமுக்கிவிட்டு, மூடி, வெயில் காலத்தில் எட்டு மணி நேரம், மழைக் காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பால் அதிகச் சூடாக இருந்தால் காம்பில் உள்ள நுண்ணுயிர் செத்துவிடும், ஆறிப்போயிருந்தால் வேறு ஏதாவது வளர்ந்துவிடும்.

முதல்முறை வருவதைத் தயிர் என்று சொல்ல முடியாது. தளர்வாக, மிளகாய் வாடையோடு, இலேசான புளிப்போடு இருக்கும். இங்கேதான் பலரும் கைகழுவிவிடுகிறார்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். அதிலிருந்து எடுத்து மூன்றாவதற்கு. மூன்றாவதில் கரண்டி வைத்தால் வெட்டி எடுக்க வரும், மிளகாய் வாடை போயிருக்கும். ஆனாலும் மாட்டுத் தயிர்போலக் கெட்டியாகக் கட்டாது. கேசின் என்ற பால்புரதம் கட்டும் கட்டு கடலைப் புரதத்துக்கு வராது. தண்ணீர் பிரிந்தால் வடித்துவிடலாம் அல்லது கலக்கி மோராக்கிவிடலாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறப் புள்ளி, பஞ்சு போன்ற படலம், அழுகல் வாடை, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மேலே எடுத்துப்போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம். பாத்திரத்தோடு கொட்டிவிட்டு, புதுக் காம்பில் தொடங்குங்கள்.

தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைத்து, ஆறவிட்டு, சாப்பிடும் நேரத்தில் தயிர் கலந்து, இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு, பெருங்காயத்தைத் தாராளமாகத் தாளித்தால் கடலை வாடை தெரியாது. கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு போக இது உகந்தது அல்ல, வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். பயணத்துக்குப் புளியோதரை இருக்கிறது. மோர்க்குழம்புக்குத் தேங்காய் அரைப்பில் ஒரு தேக்கரண்டி ஊறிய துவரம்பருப்பைக் கூடுதலாகச் சேர்த்து, தயிர் ஊற்றிய பின் நுரைகட்டியதும் அணைத்துவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும்.

தயிர் செய்யப் பொறுமை இல்லாத நாளில் சொதி வையுங்கள். திருநெல்வேலிச் சொதியும் சரி, யாழ்ப்பாணத்துச் சொதியும் சரி, தேங்காய்ப் பாலின் இனிப்பும் எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்தவை. தயிரைத் தேடும் நாக்கு அதில் அடங்கிவிடும். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். நண்பகல் தாகத்துக்கு மோர் இல்லையே என்று ஏங்குபவர்களுக்கு நீராகாரம் இருக்கிறது. உப்பும் சின்ன வெங்காயமும் போதும்.

நெய்யின் வேலை

நெய்க்கு ‘மாற்று’ தேடி டால்டாவில் போய் விழுந்துவிடக் கூடாது. வனஸ்பதி தாவரக் கொழுப்புதான், ஆனால் உடலுக்கு உகந்தது அல்ல. நெய் இரண்டு வேலை செய்கிறது, ஒன்று வழவழப்பு, இன்னொன்று மணம். வெண்பொங்கலில் இரண்டையும் பிரித்துக் கையாளலாம். 200 கிராம் அரிசிக்கு 100 கிராம் பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, பத்து முந்திரியை அரைத்த விழுதோடு ஐந்து பங்கு நீரில் குழைய வேகவிட்டால் வழவழப்பு வந்துவிடும். மணத்துக்கு மூன்று மேசைக்கரண்டி செக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது கடலெண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, நிறையக் கறிவேப்பிலையைச் சிறுதீயில் பொரித்துக் கொட்டவேண்டும். நெய் மணம் வராது. வேறொரு மணம் வரும், ஒரு மாதத்தில் அதுவே பொங்கல் மணமாகிவிடும். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் போதும். அதில் நெய் கேட்கிறவர்களைத்தான் நமக்குப் புரியவில்லை.

இனிப்பில் நம் ஊரே வழி சொல்லியிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் மஸ்கோத் அல்வாவில் நெய்யே கிடையாது. மைதாவைக் கரைத்து வடித்த பாலும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கிண்டக் கிண்ட, தேங்காய்ப் பாலே எண்ணெய் கக்கி அல்வாவைப் பளபளக்க வைக்கும். அதே மாவட்டத்தின் மக்ரூன் முந்திரியும் சர்க்கரையும்தானே என்று நினைத்து வாயில் போட்டுவிடாதீர்கள், அதை நுரைக்க வைப்பது முட்டை வெள்ளைக்கரு. எள்ளுருண்டை, கடலைமிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் பெரும்பாலும் பயமில்லாமல் சாப்பிடக்கூடியவை. அதிரசத்துக்கு மட்டும் எதில் சுட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மோர்

பல ஆண்டு கடந்தவர்களும் கோட்டை விடும் இடம் வற்றல். சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய் மூன்றையும் உப்பு மோரில் ஊறப்போட்டு ஊறப்போட்டுத்தான் காயவைக்கிறார்கள். ஆக, பால் பொருளே இல்லாததாகத் தோன்றும் வத்தக்குழம்பிலும் மோர் இருக்கிறது. கோடையில் வீட்டில் போடும்போது மோருக்குப் பதிலாக உப்பும் புளித்த நீராகாரமும் சேர்த்து ஊறவைத்தால் வற்றல் நன்றாகவே வரும். வாழைப்பூ, வாழைத்தண்டை நறுக்கிக் கறுக்காமலிருக்க மோர்த் தண்ணீரில் போடுவார்கள். அரிசி களைந்த நீரில் சில துளி எலுமிச்சை பிழிந்தாலே அதே வேலை நடக்கும், கறுப்பைத் தடுப்பது அதிலுள்ள புளிப்புதான். வெண்டைக்காயின் வழவழப்புக்கு ஒரு கரண்டி தயிர் விடும் வீடுகளில் அதற்குப் பதிலாகப் புளித்தண்ணீர் தெளிக்கலாம்.

ஓட்டலில் ரவா தோசை மாவில் மோர் இருக்கக்கூடும், அவியலில் தயிர் உண்டு, பரோட்டா மாவில் சில கடைகளில் முட்டையோ பாலோ சேர்ப்பார்கள், நானில் தயிர், குருமாவில் சில நேரம் பாலேடு. இட்லி, ஊத்தப்பம், இடியாப்பம், பூரி கிழங்கு, சாம்பார் சாதம் ஆகியவற்றில் நெய் ஊற்றாமல் கேட்டு வாங்கினால் போதும். தோசை வார்ப்பவர் கேட்காமலே நெய் தடவுவார், ஆர்டர் கொடுக்கும்போதே “எண்ணெய் மட்டும் ஊத்துங்கண்ணே, நெய் வேண்டாம்” என்று சொல்லிவிடுவது நல்லது. கல்யாணப் பந்தியிலும் அதே சங்கதிதான். பருப்பு வைத்த கையோடு நெய்க் கிண்ணம் வந்துவிடும், பருப்பின் மேல் உள்ளங்கையை மறைத்துக்கொள்ளுங்கள், பேச்சே வேண்டாம். உறவினர் வீட்டுக்கு விருந்துக்குப் போவதானால் முதல்நாளே போன் செய்து, “அத்தை, எனக்குச் சாம்பாரும் பொரியலும் போதும், மோர் மட்டும் வேண்டாம்” என்று என்ன வேண்டும் என்பதை முதலில் சொன்னால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை. சமைத்து முடித்தபின் மறுப்பதுதான் மனத்தைப் புண்படுத்தும்.

பொட்டலப் பொருளில் பச்சைப் புள்ளியை மட்டும் நம்ப முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி பால், பால் பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவை இருந்தாலும் பச்சைப் புள்ளி போடலாம். இதில் ஒரு வசதியும் உண்டு. பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின், முட்டை, மீன் எண்ணெய் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்த ஐந்தை மட்டும் தேடினால் போதும். பால் திடப்பொருள், வே (whey), கேசினேட், லாக்டோஸ் என்ற பெயர்களில் பால் ஒளிந்திருக்கும். பொருள் பட்டியலில் 901 என்ற எண் இருந்தால் தேன்மெழுகு, 904 என்றால் அரக்கு, மிட்டாய்க்கும் பழத்துக்கும் பளபளப்பு ஏற்ற இவற்றைப் பூசுவார்கள். 2021-இல் வீகன் உணவுக்கென்று பச்சை ‘வி’ எழுத்தில் சிறு செடி முளைத்த முத்திரையை அறிமுகப்படுத்தினார்கள், அது இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை.

பி12: இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை

மற்ற சத்துகளைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லலாம். வைட்டமின் பி12 விஷயத்தில் பேச்சுக்கே இடம் கிடையாது. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் அது இல்லை. பழைய சோறு, ஸ்பைருலினா, கடற்பாசி எதுவும் போதாது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றம் காட்டும், உடலில் வேலை செய்யாத வேறொரு பொருள். பெரியவர் ஒருவருக்கு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்போலத்தான், ஆனால் குடல் ஒரு வேளையில் உறிஞ்சும் அளவுக்கு வரம்பு உண்டு. அதனால் நாள்தோறும் எடுப்பதானால் குறைந்தது 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை என்றால் 2000 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு.

“இரண்டு வருடமாக ஒன்றும் எடுக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பவர்கள் ஈரலின் சேமிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அது வருடக்கணக்கில் தாங்கும். பால் மட்டும் குடித்துவந்த சைவர்களுக்குச் சேமிப்பு முன்பே குறைவாக இருக்கும், அவர்களுக்குச் சீக்கிரம் தீரும். பாதம் மதமதப்பு, நாக்கு எரிச்சல், காரணமில்லாத அசதி, மறதி என்று தொடங்கும். நரம்பில் ஏறிய சேதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாலை விடுவதற்கு முன்பே ஒருமுறை இரத்தத்தில் பி12 பார்த்துவிடுங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைத் தானாக வாங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு பிள்ளைகளும் மருத்துவர் சொல் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது.

மருந்துக் கடையில் வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். பி12-இன் ஒரு வடிவமான ‘மெத்தில்கோபாலமின்’ என்று கேட்டால் சில நேரம் பிரிகாபலின் கலந்த மாத்திரையைத் தந்துவிடுவார்கள். அது நரம்பு வலிக்கான மருந்து, தூக்கமும் தலைச்சுற்றலும் தரும். பி12 மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், மாத்திரையில் பொதுவாக அது இருக்காது. வைட்டமின் டி3 பொதுவாக ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. டி2 அல்லது பாசிக்காளானிலிருந்து (லைக்கன்) எடுத்த டி3 என்று குறிப்பிட்டிருப்பதைத் தேட வேண்டும். குறைபாடு கடுமையாக இருந்து கிடைப்பது மற்றதுதான் என்றால் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இயன்றவரை’ என்ற சொல் வீகன் என்பதன் விளக்கத்திலேயே இருக்கிறது.

சுண்ணாம்புச் சத்து நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். ராகி 75 கிராமில் சுமார் 250, எள் இரண்டு மேசைக்கரண்டியில் 200-க்கு மேல், ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, கொள்ளு, அகத்தி என்று சேர்த்தால் எட்டிவிடலாம். பாலக் கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ராகியை முளைகட்டினால் சத்து கூடுதலாகச் சேரும். புரதத்துக்கு, 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். மதியச் சாம்பாரில் தலைக்கு 30 கிராம் பருப்பு, மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், சட்னியில் 30 கிராம் நிலக்கடலை, குழம்பில் 25 கிராம் மீல்மேக்கர், மீதி தானியத்திலிருந்து வந்துவிடும். தயிரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துக்கொண்டால் சர்க்கரைதான் ஏறும். தயிர் போன இடத்தில் சுண்டல் வரவேண்டும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடித்தால் இரும்புச் சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் கழியட்டும். உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும், இந்துப்புக்கு மாறி அதையும் இழந்துவிட வேண்டாம்.

பட்டும் தோலும் பற்றிச் சுருக்கமாக. பட்டுக்கூட்டைப் புழு உள்ளே உயிரோடு இருக்கும்போதே ஆவியிலோ வெந்நீரிலோ இடுகிறார்கள், புழு வெளியே வந்தால் கூடு துளைபட்டு இழை அறுந்துவிடும். வீட்டில் இருக்கும் பழைய பட்டை எறிய வேண்டாம். இனி வாங்குவது மதுரைச் சுங்குடியோ, செட்டிநாட்டுக் கண்டாங்கியோ, நெகமம் பருத்தியோ ஆகட்டும். செருப்பின் அடியில் விரித்த தோல் வடிவத்தில் ஒரு குறி இருந்தால் அது தோல், சாய்சதுரமாக இருந்தால் செயற்கை.

தைப்பொங்கலுக்கு “பால் பொங்காமல் எப்படி?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பல ஊர்களில் பானையில் முதலில் ஊற்றுவதே அரிசி களைந்த இரண்டாம் நீரைத்தான், பால் அதில் ஒரு கரண்டி. பொங்கிவருவதற்கு அந்த நீரில் கரைந்த மாவுச்சத்தே போதும். பானையில் முக்கால் அளவுக்குச் சற்று மேல் களைந்த நீரை ஊற்றி, ஒரு கிண்ணம் முதல் தேங்காய்ப் பால் சேர்த்து, தீயை நன்றாக எரியவிடுங்கள். கழுத்துக்கு வந்ததும் நுரை வெள்ளையாகத் திரண்டு வழியும். குலவை போட ஆள் பக்கத்தில் இருக்கட்டும், இது மாட்டுப்பாலைவிட வேகமாகப் பொங்கிவிடும்.